எளிய சாப்பாட்டு நாள்: பிள்ளைகளுக்கு உறைக்கும்படி செய்ய

வறுமையில் வாழ்வது எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்குப் புரிய, வாரத்தில் ஒரு நாள் குடும்பமாக எளிமையாகச் சாப்பிடுவது நல்ல யோசனை. ஆனால் ஒரு வேளையோடு நிறுத்தினால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிடும். நாள் முழுவதும் வையுங்கள். நொறுக்குத் தீனியும் கிடையாது.

அன்றைய செலவுக்கு முதலிலேயே ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். உலக வங்கி 2025-இல் கடும் வறுமைக்கோட்டை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர் என்று உயர்த்தியது. (அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்த கணக்கு அது, நேரடி மாற்று விகிதம் பார்க்கக் கூடாது.) சாப்பாடு மட்டுமல்ல, வாடகை, மருந்து, துணிமணி எல்லாம் அதற்குள்தான். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அப்புறம் பணத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துக் கடைக்குக் கூட்டிப் போங்கள். எடுத்த பொருளின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்களே, சாப்பாட்டைவிட அதுதான் அதிகம் கற்றுத்தரும். குறுக்கே புகுந்து உதவாதீர்கள்.

கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வழக்கம்போலவே சாப்பிடட்டும். மிச்சமாகும் பணத்தை அன்றே தேவைப்படுபவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் செலவாகிவிடும். தட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடும் வேலை மட்டும் வேண்டாம்.