தொண்ணூற்றாறு என்றொரு ஊர்: கிரீன்வில் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

தென் கரோலினாவின் கிரீன்வில், ஸ்பார்ட்டன்பர்க் பக்கம் வேலைக்கு வருகிற நம்மவர்களுக்கு முதல் இரண்டு மாதம் வங்கிக் கணக்கு, லைசென்ஸ், வீடு, கார் என்றே ஓடிவிடும். அப்புறம்தான் வேலை எதுவும் இல்லாத ஒரு சனிக்கிழமை வரும். எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் சார்ல்ஸ்டன், ஸ்மோக்கி மலை என்பார்கள். நல்ல இடங்கள்தான், போய் வாருங்கள். நான் சொல்ல வந்தது, கிரீன்வில்லிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வண்டி ஓட்டினால் வரும் நைன்டி சிக்ஸ். ஆமாம், ஊரின் பெயரே 96தான். இந்தப் பக்கத்துப் பழங்குடிகளான செரோக்கி மக்களின் கியோவீ ஊருக்கு இங்கிருந்து 96 மைல் என்று வணிகர்கள் போட்ட கணக்கு என்பார்கள். வேறு விளக்கங்களும் உண்டு.

பார்க்க வேண்டியது, பழைய போர்க்களத்தையும் மண் கோட்டையையும் காக்கும் தேசியப் பூங்கா. ஊருக்குத் தெற்கே இரண்டு மைலில் இருக்கிறது. டிக்கெட் கிடையாது. பஸ்ஸும் கிடையாது, கார் வாங்காதவர்கள் யாருடனாவது சேர்ந்துதான் போக வேண்டும். பார்வையாளர் மையம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் தடவை நான் ஏமாந்துதான் போனேன். கோட்டை என்றதும் செஞ்சியும் வேலூரும் மனசில் வந்து நின்றன. அங்கே இருந்ததோ புல் முளைத்த மண்மேடு. போதாக்குறைக்குப் பூங்கா ஊழியரான ரேஞ்சரிடம் போய், "லிங்கன் இங்கே வந்திருக்கிறாரா?" என்று கேட்டுவைத்தேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். இந்த ஊரில் பேச்சு வரும்போது இரண்டு போர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். லிங்கன் காலத்து உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை. நைன்டி சிக்ஸ் அதற்கு முந்தைய கதை, பிரிட்டனிடமிருந்து பிரிய 1775-இல் தொடங்கிய போர். அதனால் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். தெரியாமல் போனால் மண்ணைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

1751-இல் ராபர்ட் கௌடி என்பவர் இங்கே வணிகக் கடை போட்டார். அதற்கு மேற்கே செரோக்கி நாடு, வெள்ளைக்காரக் குடியேற்றத்தின் எல்லை இதுதான். 1760-இல் செரோக்கியர்கள் இரண்டு முறை தாக்கினார்கள். பிறகு பாதைகள் கூடும் இடத்தில் நீதிமன்றமும் சிறையும் கொண்ட ஒரு சின்ன ஊர் எழுந்தது. பிரிட்டனுக்கு எதிரான போரில், 1775 நவம்பரில் தென் மாநிலங்களின் முதல் தரைச் சண்டை நடந்ததும் இங்கேதான்.

பெரிய முற்றுகை 1781-இல். பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்ற சுமார் 550 பேர் ஊருக்குள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அமெரிக்கர்கள், தளபதி க்ரூகரும் நியூயார்க்காரர். வெளியே விடுதலைக்குப் போராடிய அமெரிக்கத் தளபதி நதானியல் கிரீனின் படை, சுமார் ஆயிரம் பேர். வெள்ளைக்காரனை விரட்டிய போர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே நடந்தது பங்காளிச் சண்டை.

ஊரைக் காத்து நின்றது எட்டு முனை கொண்ட நட்சத்திர வடிவ மண் கோட்டை. அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கொண்டுவந்த அடிமைகளின் உழைப்பில் எழும்பியது. உள்ளே கிணறு தோண்டினார்கள், தண்ணீர் வரவில்லை. இரவில் அடிமைகளை உடையில்லாமல் ஓடைக்கு அனுப்பித் தண்ணீர் எடுத்தார்கள், இருட்டில் காவலர் கண்ணில் படக்கூடாது என்று. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கிரீனின் ஆட்கள் 30 அடி உயர மரக் கோபுரம் கட்டி மேலிருந்து சுட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் மணல் மூட்டை அடுக்கி மதிலை உயர்த்தினார்கள். தீ அம்பு எய்தால் வீட்டுக் கூரைகளையே பிரித்துப் போட்டார்கள். கிரீனின் போலந்துப் பொறியாளர் கொஷ்சியுஷ்கோ கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார். அதை வெடிக்கும் முன்பே, பெரிய பிரிட்டிஷ் படையுடன் ராடன் பிரபு வருகிறார் என்று செய்தி வந்துவிட்டது. ஜூன் 18-இல் கிரீனின் ஆட்கள் அவசரமாகக் கோட்டை மேல் பாய்ந்து பார்த்தார்கள், அகழியிலேயே சண்டை முடிந்தது. 28 நாள் முற்றுகையைக் கிரீன் கைவிட்டார். வேடிக்கை என்னவென்றால், வென்றவர்கள் அடுத்த மாதமே ஊரைக் கொளுத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

நம் காதில் மணி அடிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த ராடன்தான் பின்னாளில் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பட்டத்தோடு 1813 முதல் 1823 வரை இந்தியாவின் தலைமை ஆளுநர். தெற்கிலிருந்த பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைவராக இருந்த கார்ன்வாலிஸ் அவருக்கு முன்னாலேயே இந்தியா வந்து, 1792-இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் சேலம், கிருஷ்ணகிரி பக்கத்துப் பாராமகாலையும் வாங்கியவர். இங்கே கைவிட்டுப் போனவர்கள் நம்மிடம் வந்தார்கள். இதை ரேஞ்சரிடம் சொன்னேன், லிங்கன் கேள்விக்கு ஈடாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

சுற்றுப் பாதை சுமார் ஒரு மைல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியத்தில் போகாதீர்கள், சென்னை வெயிலும் புழுக்கமும் ஒன்றாக அடிக்கும். அக்டோபர், நவம்பர் அருமை. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். புல்லில் கடிக்கும் எறும்பு உண்டு, காட்டோரத்தில் உண்ணி உண்டு. வீடு திரும்பியதும் பிள்ளைகளின் கால், கழுத்து, காதுக்குப் பின்னால் பார்த்துவிடுங்கள்.

மண்மேட்டில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். 240 வருடத்து அசல் மண் அது, சரிந்தால் மறுபடி கட்ட முடியாது. ட்ரோன் பறக்கவிடக் கூடாது. அம்பு முனையோ பழைய குண்டோ காலில் தட்டுப்பட்டால் எடுக்காமல் சொல்லிவிடுங்கள், எடுப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். விசாவில் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்குங்கள். நிரப்பிக் கொடுத்தால் கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கச் சொல்லி பேட்ஜ் தருவார்கள். பழங்கால உடையில் துப்பாக்கி சுட்டுக் காட்டும் நாட்களில் சின்னக் குழந்தைகளின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். புளியோதரைதான் சரி, காரில் வைத்த தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும்.