மோதும் கேலக்ஸிக் கொத்தை வீட்டுக் கணினியில் ஆராய்வது எப்படி?

ஜனவரி கடைசியில் இரவு பத்து மணிக்கு பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெற்கே பார்த்தால் அகத்திய விண்மீன் தெரியும். அதற்குச் சுமார் 6 டிகிரி தள்ளி இருக்கிறது புல்லட் கொத்து, அதாவது ஒன்றோடொன்று மோதிய இரண்டு கேலக்ஸிக் கூட்டங்கள். கண்ணுக்கு எட்டாது. ஆனாலும் சனிக்கிழமைகளில் என்னிடம் வரும் பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு முதலில் அந்த இடத்தைக் காட்டிவிட்டுத்தான் கணினியைத் திறப்பேன்.

வானியற்பியலாளர் நம் சந்திரசேகரின் பெயர் தாங்கிய, விண்வெளியில் எக்ஸ் கதிரைப் பார்க்கும் சந்திரா தொலைநோக்கியின் தரவு எல்லோருக்கும் இலவசம். அந்தத் தரவை அலசும் சியாவோ (CIAO) மென்பொருளும் அப்படியே. பின்னணி இரைச்சல் திடீரென எகிறிய நேரங்களை முதலில் நீக்குங்கள். பிறகு 0.5 முதல் 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் உள்ள கதிர்களை மட்டும் வைத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, புள்ளி புள்ளியாகத் தெரியும் மூலங்களை வெட்டுங்கள். வெட்டியவற்றின் பட்டியல் பத்திரம், பின்னால் வேண்டும்.

இனிதான் கவனம் தேவை. கொத்தில் எக்ஸ் கதிர் வீசுவது சூடான வாயு; துப்பாக்கிக் குண்டு போன்ற அதன் ஒரு பகுதியின் முன்னால் இரண்டு விளிம்புகள் தெரியும். இரண்டிலும் பிரகாசம் சட்டென்று குறையும். நான் உள்விளிம்பையே அதிர்ச்சி அலை என்று நம்பி மூன்று வாரம் கணக்குப் போட்டேன். படத்தை மட்டும் நம்பக் கூடாது, வெப்பநிலையை அளக்க வேண்டும். பிரகாசமான பக்கம் அதிகச் சூடாக இருந்தால் அதிர்ச்சி அலை. குறைவாக இருந்தால் அது அடர்ந்த குளிர் வாயுவின் முகப்பு. இங்கே ‘குளிர்’ என்பதே சுமார் 7 கோடி டிகிரி! வெளிவிளிம்புதான் அதிர்ச்சி அலை. வேகம் அந்த வாயுவில் ஒலி செல்லும் வேகத்தைப் போல் சுமார் 3 மடங்கு.

சரி, அடுத்தது ஈர்ப்பு வில்லை: கொத்தின் நிறை, பின்னாலிருந்து வரும் ஒளியை வளைப்பது. இதற்கு எக்ஸ் கதிர் அல்ல, சாதாரண ஒளியில் எடுத்த படம் வேண்டும். கொத்துக்குப் பின்னால் உள்ள கேலக்ஸிகளின் உருவம் சில சதவீதம் நசுங்கித் தெரியும். ஒரு கேலக்ஸியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆயிரக்கணக்கில் சராசரி எடுக்க வேண்டும். தொலைநோக்கியே உண்டாக்கும் கோணலை விண்மீன்களின் உருவத்தை வைத்துத் திருத்துங்கள். கொத்துக்குள்ளேயே இருக்கும் கேலக்ஸிகளை நிறம் பார்த்து விலக்குங்கள். இந்த நசுங்கலிலிருந்து நிறை எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடலாம். அந்த நிறை வரைபடம் முடியும்வரை எக்ஸ் கதிர்ப் படத்தைத் திறக்கவே வேண்டாம். பார்த்துவிட்டால் கை தானாக வாயு இருக்கும் பக்கம் சாயும்.

இப்போது முதலில் வெட்டிய புள்ளிகளின் பட்டியலை எடுங்கள். அவற்றில் பல தொலைதூரக் கேலக்ஸிகளின் மையங்கள், சாதாரண ஒளியில் எடுத்த படத்திலும் இருக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் எக்ஸ் கதிர்ப் படமும் நிறை வரைபடமும் சரியாக உட்காரும். விண்மீன்களைவிடப் பல மடங்கு நிறையுள்ள வாயு மோதலில் பின்தங்கி நடுவே நிற்கும்; நிறையின் இரண்டு உச்சிகளோ வாயுவை விட்டு விலகி, கேலக்ஸிகளோடு போயிருக்கும். 2006-இல் கரும்பொருளுக்கு (ஒளி வீசாத, ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருளுக்கு) நேரடிச் சான்று என்று வெளியானது இந்த இடைவெளிதான்.