பழைய ஃபோர் வீல் டிரைவில் ஸ்டியரிங் ஆட்டம்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

ஸ்டியரிங் லூஸ் என்றதும் பலருடைய கை நேராகப் போவது ஸ்டியரிங் பாக்ஸின் (வீலின் சுழற்சியைப் பற்கள் மூலம் கீழே உள்ள கம்பிகளுக்குக் கடத்தும் பெட்டி) மேலே இருக்கும் அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூவுக்குத்தான். ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஐந்து நிமிடம். கொஞ்சம் டைட் ஆனதுபோலவும் இருக்கும். ஆனால் ஸ்டியரிங் வீலுக்கும் டயருக்கும் நடுவே பத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தாலே எல்லாம் சேர்ந்து கையில் நாலு விரல் ஆட்டமாகத் தெரியும். பாக்ஸ் அவற்றில் ஒன்றுதான். அதைக் கடைசியாகத் தொடுவதே நல்லது.

இங்கே சொல்வதெல்லாம் முன்பக்கம் ஒரே ஹவுசிங்காக (இரு சக்கரங்களுக்கும் நடுவே ஒரே உறுதியான கூடாக) வரும் ஆக்சில் வண்டிகளுக்கு. பட்டை ஸ்பிரிங்கோ, காயில் ஸ்பிரிங்கோ, அடிப்படை ஒன்றுதான்.

ஜாக்கியில் ஏற்றி மட்டும் பார்ப்பது

சக்கரம் காற்றில் தொங்கும்போது இணைப்புகளில் எடை இல்லை. தேய்ந்த டை ராட் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) எண்டோ, பான்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடிக்கும் கம்பி) புஷ்ஷோ அப்போது தன்னைக் காட்டிக்கொள்ளாது. வண்டி தரையில் நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போடுங்கள், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். முழுச் சுற்று வேண்டாம், ஆட்டத்தைத் தாண்டி டயர் லேசாகத் திரும்பத் தொடங்கும் அளவு போதும். கீழே இருப்பவர் மேலிருந்து வரிசையாகப் பார்க்கட்டும்: ஸ்டியரிங் காலம் (வீலிலிருந்து பாக்ஸுக்கு வரும் தண்டு) ஜாயிண்ட், பாக்ஸ், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து நீளும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி), டை ராட், பான்ஹார்ட் ராட்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இணைப்பின் இரு பக்கமும் ஒரே நொடியில் நகர்கின்றனவா? ஒரு பக்கம் நகர்ந்து, அடுத்தது தாமதமாக நகர்ந்தால் ஆட்டம் அங்கேதான். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இணைப்பின் மேல் விரலை வைத்தால் 'டக்' என்று உணரலாம். விரல் இடுக்கில் மாட்டாமல் கவனம்.

இந்தச் சோதனையில் பலர் பார்க்கத் தவறும் இடம் பாக்ஸ் சேசிஸோடு சேரும் இடம். பாக்ஸே அசைகிறதென்றால் ஒன்று போல்ட் லூஸ், இல்லை சேசிஸ் தகடு வெடித்திருக்கிறது. பெரிய டயர் போட்டுக் கரடுமுரடான பாதையில் ஓடிய வண்டிகளில் இந்த வெடிப்பு சகஜம். சேறும் துருவும் மூடியிருக்கும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால்தான் தெரியும்.

அதன் பிறகு ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்ட் கொடுத்துப் பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் வீல் பேரிங்கிலிருந்தோ, கிங் பின் அல்லது பால் ஜாயிண்டிலிருந்தோ (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) வருவது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்: ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், அப்படியே இருந்தால் கிங் பின் பக்கம். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட்.

பாக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கும் விதம்

மற்றதெல்லாம் சரி, பாக்ஸ்தான் என்று உறுதியானால் மட்டும் இதற்கு வாருங்கள். இந்தப் பாக்ஸ்களில் பல்லின் நடுப்பகுதி மற்ற இடத்தைவிட இறுக்கமாகவே செய்யப்பட்டிருக்கும். நேர்ச் சாலையில் ஆட்டம் வரக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. சக்கரம் திரும்பிய நிலையில் ஸ்க்ரூவை இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பாக்ஸ் பிடித்துக்கொள்ளும். டிராக் லிங்க்கைக் கழற்றி, ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, சரி பாதியில் நிறுத்துங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று மட்டும் ஸ்க்ரூவைத் திருப்பி, பிட்மேன் ஆர்மைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டிப் பார்க்கையில் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்ப மறுத்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். அப்படியே ஓட்டினால் பல்லும் பேரிங்கும் சீக்கிரம் போகும். அரைச் சுற்று இறுக்கியும் ஆட்டம் குறையவில்லையா? உள்ளே தேய்ந்துவிட்டது, பாக்ஸைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக்குவது

அலைன்மெண்ட் செய்த பிறகு ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது என்று வீலைக் கழற்றி ஸ்ப்ளைனில் (தண்டின் முனையில் உள்ள பல்வரிகளில்) மாற்றி மாட்டுவார்கள். பார்க்க நேராகிவிடும். ஆனால் வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் தன் இறுக்கமான நடுப்பகுதியில் இருக்காது. ஆட்டமுள்ள பகுதியில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு எத்தனை டை ராட் எண்ட் மாற்றினாலும் அந்த லூஸ் போகாது. முதலில் பாக்ஸை நடுவில் வைத்து, சக்கரங்களை நேராக்கி, டிராக் லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்து இணைப்பதே முறை.

டோ அளப்பதில்

இத்தகைய ஆக்சிலில் சுலபமாக மாற்ற முடிந்த அளவு டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) ஹவுசிங்கிலேயே அமைந்துவிடும். அது தவறினால் ஹவுசிங் வளைந்திருக்கிறது அல்லது பேரிங் போயிருக்கிறது என்று பொருள்.

டயரின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு டேப் பிடித்தால் ரிம் கோணலும் டயர் வீக்கமும் அளவைக் கெடுக்கும். இரண்டு முன் டயரின் பின்புறத்திலும் ஆக்சில் மையத்தின் உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வண்டியை முன்னோக்கி அரைச் சுற்றுத் தள்ளினால் அதே கோடுகள் முன்புறம் வரும்; அங்கே மறுபடி அளங்கள். பின்னோக்கித் தள்ளக்கூடாது, இணைப்புகளின் தளர்ச்சி எதிர்ப்பக்கம் போய்விடும். முன் அளவு பின் அளவைவிடக் குறைந்தால் டோ இன். இந்த வகை வண்டிகள் பலவற்றுக்கு 1.5 முதல் 3 மி.மீ. சரியாக வரும் என்றாலும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் இறுதி. டோ அவுட் ஆகிவிட்டால் வண்டி சாலையில் ஒரு நிலையில் நிற்காமல் அலையும்; ஸ்டியரிங் லூஸ் என்று தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

தேய்ந்த எண்டுகளோடு அலைன்மெண்ட் செய்வது வீண் வேலை, அடுத்த பள்ளத்தில் அளவு மாறிவிடும்.

உயர்த்திய வண்டியின் தொல்லைகள்

லிஃப்ட் போட்டு வண்டியை உயர்த்தியபின் அது அலைந்தால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்திருக்கலாம். பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் (தகடு) வைத்துக் காஸ்டரைக் கூட்டலாம். ஆனால் ஹவுசிங் சுழலும்போது பினியன் மூக்கு (பிராப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் முனை) கீழே இறங்கும். முன் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூ ஜாயிண்ட் கோணம் மோசமாகி அதிர்வு வரும். எனவே கண்டபடி டிகிரி கூட்டக்கூடாது. ஷிம் இரும்பாக இருக்கட்டும், அலுமினியம் நசுங்கிப் பிளக்கும். யூ போல்ட்டையும் புதிதாகப் போடுங்கள்.

காயில் ஸ்பிரிங் வண்டிகளில் டிராக் லிங்க்கும் பான்ஹார்ட் ராடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கிப் பொருத்தினால் இரண்டும் வேறு வேறு வளைவில் நகரும். ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பும்.

டேம்பரை நம்புவது

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மேடு ஏறியதும் முன்பக்கம் முழுவதும் படபடவென்று உதறினால் புது ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் உதறலைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் போன்ற உறுப்பு) மாட்டி அடக்கிவிடுவார்கள். டேம்பர் நோயை மறைக்கும், மாற்றாது. பெரும்பாலும் பான்ஹார்ட் ராடின் புஷ்ஷோ, அதன் போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்ததோ காரணமாக இருக்கும். டயர் பேலன்ஸையும் கிங் பின் பேரிங்கையும் பாருங்கள். டேம்பரைக் கழற்றிவிட்டுச் சோதித்தால்தான் உண்மை வெளிவரும். புது ரப்பர் புஷ் போட்டால் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது. தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

சின்ன விஷயம்தான், ஆனால் உயிர் விஷயம்: டை ராட் எண்டின் காசல் நட்டில் (தலையில் பள்ளங்கள் வெட்டிய நட்) ஸ்ப்ளிட் பின் (நட் கழலாமல் பூட்டும் பின்) ஓட்டை சேரவில்லை என்றால் நட்டை அடுத்த பள்ளம் வரை இறுக்குங்கள், பின்னோக்கித் தளர்த்தாதீர்கள். பழைய பின்னைத் திரும்ப வளைத்துப் போடுவதும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிராக்கெட் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சுமார் 100 கி.மீ. ஓடியபின் படுத்துப் பாருங்கள். கோடு விலகிய இடத்தில் டார்க் ரெஞ்சை மட்டும் வைத்து முடித்துவிடாமல், போல்ட்டைக் கழற்றி அதன் தண்டும் ஓட்டையும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.