சாவிக்கொத்தைக் கீழே வையுங்கள்

பள்ளித் திடலில் ஓட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் பையன் வலிப்பு வந்து புல்லில் விழுந்தான். ஓடி வந்த ஆசிரியர்களில் ஒருவர் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்தார். இன்னொருவர் நாக்கைக் கடித்துவிடுவானே என்று கரண்டி கேட்டார். இருவரும் பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். வீட்டில் பாட்டி செய்ததைப் பார்த்து வளர்ந்த கை அப்படித்தான் போகும்.

இரும்பு வலிப்பை நிறுத்தாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் அது தானாகவே அடங்கிவிடும்; அதனால்தான் சாவியால் நின்றதுபோலத் தெரிகிறது. வாயில் எதையாவது வைத்தால் பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாயை அடைக்கலாம். கைகால்களை அமுக்கிப் பிடிப்பதும் வேண்டாம். பக்கத்தில் இடிக்கக்கூடியதை நகர்த்துங்கள், தலைக்கடியில் மடித்த சட்டையை வையுங்கள், வலிப்பு அடங்கியதும் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அப்புறம், மணி பாருங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, அதுதான் முதல் வலிப்பு என்றாலோ சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழைக்க வேண்டும். அன்று ஆம்புலன்ஸில் வந்தவர் முதலில் கேட்டது “எத்தனை நிமிடம்?” என்றுதான். எங்கள் ஒருவரிடமும் பதில் இல்லை. எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. இதயம் நின்றவர் சில நிமிடங்களுக்குக் கரையில் கிடக்கும் மீன்போல வாயைத் திறந்து திறந்து இழுப்பார், குறட்டைபோலக்கூடக் கேட்கும். ‘மூச்சு இருக்கிறது’ என்று நினைத்துச் சும்மா நிற்கிறோம். அது மூச்சே அல்ல. மார்பை அமுக்கி இரத்தத்தை ஓட வைக்கும் சிபிஆர் முதலுதவியைத் தொடங்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை. இந்த இரண்டும் போதும். நாடி தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்” என்று கத்தினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒருவரைக் கை காட்டி 995-ஐ அழைக்கச் சொல்லுங்கள், இன்னொருவரை இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியை எடுத்துவர அனுப்புங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டால் 995-இல் பேசும் குடிமைத் தற்காப்புப் படை அதிகாரி மார்பை எப்படி அமுக்குவது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அமுக்குவதில் நம்மவர்கள் செய்யும் தவறு, பயந்து மெதுவாக அமுக்குவது. பெரியவருக்குச் சுமார் 5 சென்டிமீட்டர், பிள்ளைக்கு மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் இதயம் நிற்கிறது. ஆகவே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கப் பழகியவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 முறை கொடுங்கள்.

ஏஇடி தப்பாக ஷாக் கொடுத்துவிடும் என்ற பயம் தேவையில்லை. இதயத் துடிப்பை அதுவே பார்க்கிறது, தேவைப்பட்டால்தான் ஷாக் கொடுக்கும். சிறுவர்களுக்கான பட்டைகள் இல்லையென்றால் பெரியவர்களுடையதையே ஒட்டலாம். சிபிஆர் சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும், ஆனால் கை சில மாதத்திலேயே மறந்துவிடுகிறது. பள்ளித் தவணைக்கு ஒருமுறை பயிற்சிப் பொம்மையின்மேல் பத்து நிமிடம் பழகினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

சின்னச் சின்னக் காயங்களிலும் பழைய பழக்கம்தான் முந்திக்கொள்கிறது. மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கிறோம். இரத்தம் தொண்டைக்குள் போய்விடும். முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். சூப் கொட்டிச் சுட்டுவிட்டால் பற்பசை வேண்டாம், ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கேண்டீனில் மீன் உருண்டை தொண்டையில் சிக்கிய பிள்ளை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள். விரலை உள்ளே விட்டுத் துழாவினால் உருண்டை இன்னும் உள்ளே போகும்.