ரேடார் மழையளவை மழைமானியோடு ஒப்பிடுவது எப்படி

ரேடார் 40 மி.மீ. என்கிறது, மழைமானியில் 62 மி.மீ. இருக்கிறது. உடனே ரேடாரைக் குறை சொல்ல வேண்டாம். மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ. என்றால், ரேடார் ஒரே மழையளவு தரும் 1 சதுர கி.மீ. கட்டம் அதைப்போல ஐந்து கோடி மடங்கு. இடிமழையில் ஒரே கட்டத்துக்குள் ஒரு மூலையில் கொட்டும், மறுமூலையில் தூறும். ஆக, வித்தியாசத்தில் ஒரு பங்கு யாருடைய பிழையும் அல்ல.

முதலில் மழைமானியைச் சோதியுங்கள். டிப்பிங் பக்கெட் மானியில் ஒரு சிறு வாளி நிறைந்ததும் கவிழும், மானி அந்தக் கவிழ்ப்புகளை எண்ணும். வாய் 200 சதுர செ.மீ., ஒரு கவிழ்ப்பு 0.2 மி.மீ. மழை என்றால், 4 மி.லி.க்கு ஒரு முறை கவிழ வேண்டும். 400 மி.லி. தண்ணீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுமார் 100 கவிழ்ப்பு வர வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் எண்ணிக்கை குறையும், ஏனென்றால் வாளி கவிழ்ந்துகொண்டிருக்கும்போது விழும் நீர் கணக்கில் சேராது. கனமழையில் இந்த மானிகள் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். மழை விட்ட பிறகும் சீரான இடைவெளியில் கவிழ்ப்பு பதிவாகிக்கொண்டே இருந்தால் புனலில் அடைப்பு; அந்த நாளை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். பலத்த காற்றிலும் மானி குறைவாகவே பிடிக்கும்.

அடுத்தது நேரம். ரேடார் கோப்புகள் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், மானி உள்ளூர் நேரத்தில் ஓடும். பதிவு நேரம் இடைவெளியின் தொடக்கமா முடிவா என்றும் பாருங்கள். 1.5 கி.மீ. உயரத்தில் ரேடார் கண்ட துளி, நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இறங்கினால் தரைக்கு வர மூன்றரை நிமிடம் ஆகும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் அதற்குள் 2 கி.மீ. நகர்ந்துவிடும். எனவே 5 நிமிட அளவுகளை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு மணி நேர மொத்தத்தில் தொடங்குங்கள். மானிக்கு நேர் மேலே உள்ள கட்டத்தோடு சுற்றியுள்ள எட்டையும் எடுத்துப் பாருங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது டிபிஇசட் மதிப்புகளை, அதாவது மழைத்துளிகளிலிருந்து ரேடாருக்குத் திரும்பும் எதிரொலியின் வலிமையைச் சொல்லும் எண்களை, சராசரி எடுப்பதில். அது மடக்கை அளவுகோல். 20, 50 என்ற இரண்டு ஸ்கேன்களின் சராசரி 35; எதிரொலியை (இசட்) மணிக்கு இத்தனை மி.மீ. மழையாக (ஆர்) மாற்றும் இசட் = 200 × (ஆர் அடுக்கு 1.6) என்ற மார்ஷல்-பாமர் சூத்திரப்படி அது மணிக்கு 5.6 மி.மீ. ஒவ்வொன்றையும் தனியாக மழையாக்கிப் பிறகு சராசரி எடுத்தால் ஏறக்குறைய 24.6 மி.மீ. எது சரி என்று சொல்லத் தேவையில்லை.

சூத்திரத் தேர்வும் சின்ன விஷயமல்ல. 50 டிபிஇசட்டுக்கு மார்ஷல்-பாமர் மணிக்கு 49 மி.மீ. தருகிறது, 200, 1.6 இடத்தில் 300, 1.4 போடும் இடிமழைச் சூத்திரம் 63 மி.மீ.; 250, 1.2 போடும் வெப்பமண்டலச் சூத்திரம் 147 மி.மீ. ஆலங்கட்டி இருக்கும் இடத்தில் எதிரொலி வீங்கிவிடும் என்பதால் 53 டிபிஇசட்டுக்கு மேல் போகவிடாமல் நிறுத்துவது வழக்கம்.

மானிக்கும் ரேடாருக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடும்போது மானிகளின் மொத்தத்தை ரேடார் மொத்தத்தால் வகுங்கள். ஒவ்வொரு மானிக்கும் மணிக்கு மணி விகிதம் எடுத்துச் சராசரி போட்டால், 0.3 மி.மீ. பெய்த மணிநேரங்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பிறகு ஒவ்வொரு மானியின் மொத்தத்துக்கும் அந்த விகிதத்தை எடுத்து, ரேடாரிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிராக வரையுங்கள். காரணம் பெரும்பாலும் இந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு குறைவு என்றால் அளவுத்திருத்தத்தையோ சூத்திரத்தையோ சந்தேகியுங்கள். 1 டெசிபெல் பிழையே மழையை 15 சதவீதம் மாற்றும். தூரம் கூடக் கூட ரேடார் குறைத்துக் காட்டினால் ரேடார் அனுப்பும் அலைக்கற்றை தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போகிறது என்று பொருள்: 0.5 பாகைச் சாய்வில் 100 கி.மீ.யில் சுமார் 1.5 கி.மீ., 200 கி.மீ.யில் சுமார் 4 கி.மீ. உயரம். ரேடாரைச் சுற்றி ஒரு வளையத்தில் மட்டும் மிகை வந்தால், கற்றை அங்கே எதிரொலியைக் கூட்டிக் காட்டும் பனி உருகும் அடுக்கில் படுகிறது. ஒரு திசையில் மட்டும் குறைந்தால் குன்றோ கட்டடமோ மறைக்கிறது. ரேடார் நிலையத்தின் மேலேயே மழை பெய்யும்போது எல்லாத் திசையிலும் குறைந்தால் நனைந்த ரேடோம் (ஆன்டெனாவை மூடியிருக்கும் கூண்டு); குறைந்த அலைநீளமுள்ள சி-பேண்ட், எக்ஸ்-பேண்ட் ரேடார்களில் இது அதிகம், அலைநீளம் கூடிய எஸ்-பேண்டில் குறைவு. ஒரே எண்ணால் பெருக்கிச் சரிசெய்வது, எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு குறையும் முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும்.