இலை சரி, இடம் தப்பு: மூலிகை டீ போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் பொள்ளாச்சிப் பக்கத்து வேலிகளில் முடக்கத்தான் படர்ந்துவிடும், தூதுவளை துளிர்விடும். கூடவே என்னைத் தேடி ஆட்களும் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு வந்து நிற்பார்கள். எதைப் பறிக்கலாம், எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கலாம், கொய்யாப்பழம் போடலாமா, நெல்லிக்காய் சேர்க்கலாமா என்று கேள்விகள். சொல்லிக்கொடுப்பதில் அலுப்பில்லை. ஆனால் ஆரம்பத்தில் நானும் என்னோடு பறிக்க வந்தவர்களும் அடித்த அதே கூத்தை வருஷா வருஷம் புது ஆட்கள் அடிக்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். இலையைக் கழுவ வேண்டும், பேர் தெரியாத செடியைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகப்போவதில்லை.

மஞ்சளாகப் பூத்ததெல்லாம் ஆவாரை இல்லை

ஆபத்து பேர் தெரியாத செடியில் இல்லை. நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற செடியில்தான் இருக்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் கையில் எடுத்தவர்கள்தான் நாம் எல்லோரும். அப்படியும் பேயாவாரையைப் பறித்துக்கொண்டு வந்து ஆவாரம்பூ என்று நீட்டுவார்கள். அதுவும் மஞ்சள் பூ, அதே குடும்பம், அதே தரிசு நிலம். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருஷந்தோறும் குழந்தைகள் திடீரென்று மயங்கி விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். பேயாவாரைக் காயைத் தின்றதுதான் காரணம் என்று விபின் வசிஷ்டா, ஜேக்கப் ஜான் உள்ளிட்ட மருத்துவர்கள் 2007-இல் எழுதினார்கள்.

அடையாளம் எளிது. ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் மாதிரி இரண்டு சிறு இலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பேயாவாரையில் அது கிடையாது, இலை நுனி கூராக இருக்கும், கசக்கினால் ஒரு கெட்ட வாடை வரும். காதைப் பார்க்காமல் பறிக்காதீர்கள்.

பொன்னரளியும் மஞ்சள்தான். அதைக் குடித்தால் இதயம் நின்றுவிடும்.

இலை சரி, இடம் தப்பு

இப்போது எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். நகரத்தில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டவள், ஆர்வம் அதிகம். எனக்கு ஆச்சரியம் காட்ட வேண்டும் என்று வரும் வழியிலேயே ஒரு தென்னந்தோப்பில் இறங்கி ஒரு பெரிய பை நிறைய முடக்கத்தானும் கொஞ்சம் கீழாநெல்லியும் பறித்து வந்திருந்தாள். இலை ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது, ஒரு ஓட்டை கிடையாது. எந்தத் தோப்பு என்று கேட்டேன். சொன்னாள். அந்தத் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் போட்டேன்.

“ஏனுங்கண்ணா, தோப்புக்குள்ள மருந்து ஏதாச்சும் அடிச்சீங்களா?”

“முந்தாநேத்துதானுங்க களைக்கொல்லி அடிச்சோம். ஏனுங்க, மாடு கீடு உள்ள வந்துருச்சுங்களா?”

மாடு இல்லை, மனுஷி.

அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் உடனே, “நல்லாக் கழுவிட்டாப் போதாதுங்களாக்கா? சந்தையில வாங்குற கீரைக்கும்தான மருந்து அடிக்கறாங்க?” என்றாள். எல்லோரும் கேட்கிற கேள்வி இது. அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

கீரைப் பாத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து, அந்தக் கீரையை மனிதர்கள் தின்னப்போகிறார்கள் என்ற கணக்கில் அடிக்கப்படுவது. அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுவை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு பேச்சு. களைக்கொல்லி அப்படி இல்லை. சாக வேண்டிய செடி மேல் அடிக்கிற மருந்து அது. அந்தச் செடியை ஒருவர் பறித்துக் கொதிக்க வைத்துத் தேன் ஊற்றிக் குடிப்பார் என்று அடிக்கிறவர் கனவிலும் நினைப்பதில்லை. நமக்கு மூலிகையாகத் தெரிவது அவருக்குக் களை. வேலியிலும் வரப்பிலும் தானாக முளைத்ததுதான் மருந்தே படாத சுத்தமான இலை என்று நம்பி வருகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. விளைநிலத்தில் தானாக முளைத்ததைத்தான் முதலில் குறிவைத்து அடிக்கிறார்கள்.

கழுவினால் போகாதா என்றால், கிளைபோசேட் மாதிரியான மருந்து இலைமேல் உட்கார்ந்திருப்பதில்லை. இலை வழியாக உள்ளே போய் தண்டு, வேர் என்று செடி முழுக்கப் பரவித்தான் அது வேலை செய்கிறது. மேலே எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே போனது வெளியே வராது. டீ கொதிக்கிற சூட்டுக்கும் அது அழியாது. இதில் மோசமான சங்கதி, அது மெதுவாகக் கொல்லும். அடித்த முதல் இரண்டு மூன்று நாளுக்குச் செடி ஒன்றுமே நடக்காதது போல் பச்சையாக நிற்கும். சின்னச் செடி சீக்கிரம் வாடும், பெரியதும் பல்லாண்டுச் செடியும் மஞ்சளாக ஒரு வாரமோ அதற்கு மேலுமோ ஆகும். அந்தப் பெண் பறித்தது சரியாக அந்த இடைவெளியில்தான். பாராகுவாட்டாக இருந்திருந்தால் ஒரே நாளில் இலை கருகி நின்றிருக்கும், பறித்திருக்க மாட்டாள். 2,4-டி என்றால் நுனி முறுக்கிக்கொண்டு தண்டு கோணலாகிவிடும், கண்ணுக்குத் தெரியும். இந்த மூன்றில் கிளைபோசேட் மட்டும்தான் இப்படி ஆளை ஏமாற்றும்.

2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் மூலமாக அல்லாமல் யாரும் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக்கூடாது என்று உத்தரவு போட்டது. தோப்புகளில் யார் முதுகில் டேங்க் தொங்குகிறது என்பதைப் போய்ப் பார்த்தால் தெரியும்.

சரி, பறித்ததை என்ன செய்தோம்? குழி தோண்டிப் போட்டோம். ஆட்டுக்குப் போடலாமா என்று கேட்டாள், அதற்கும் கத்தினேன். வரும் வழியில் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு கைப்பிடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, துவையல் அரைப்பதற்குள் நிறுத்தினோம். மூட்டுவலிக்கு நல்லது என்று சந்தோஷமாக வாங்கி வைத்திருந்தார்.

ஆகவே பறிப்பதற்கு முன் கேளுங்கள். நிலத்துக்காரரைக் கேட்பது மரியாதை, ஆனால் அவருக்கே சில நேரம் தெரியாது, கோயமுத்தூரில் இருப்பார். மருந்து அடிக்கிற ஆளைக் கேளுங்கள், அவருக்குத்தான் தேதி தெரியும். பக்கத்துக் காட்டில் அடித்தார்களா என்றும் கேளுங்கள், காற்றடித்தால் வேலி தாண்டி வந்து விழும். கேட்க ஆளில்லையா, வரப்பில் காலி பாட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஒரு பட்டை மட்டும் ஒரே மாதிரி வெளிறியிருந்தால் திரும்பிவிடுங்கள். சந்தேகம் வந்தால் பத்து நாள் கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள், கதை தானாகத் தெரியும். இத்தனையும் தொல்லை என்றால் முடக்கத்தான் விதையை எடுத்து வந்து வீட்டு வேலியில் போடுங்கள். கறுப்பு விதை, மேலே வெள்ளையாக இதய வடிவில் ஒரு பொட்டு இருக்கும். போட்டால் பொறுப்பாக முளைக்கும்.

இதே கணக்கில்தான் சாக்கடை ஓரத்து வல்லாரையும். ஈரம் கண்ட இடத்தில் வரும், அந்த ஈரத்தில் என்ன இருக்கிறதோ அதையும் உறிஞ்சிக்கொள்ளும். நெடுஞ்சாலை ஓரத்து ஆவாரை பார்க்க அழகாக இருக்கிறது, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் ஒழிந்தது, ஆனால் அதற்குமுன் சாலையோர மண்ணில் படிந்த ஈயம் அப்படி எளிதில் போகிற பொருள் இல்லை.

காப்புக்காடு

வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடக் கிள்ளக்கூடாது. 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

பாதி காய்ந்ததை டப்பாவில் அடைப்பது

ஆவாரம்பூவின் இதழ் ஒரே நாளில் காய்ந்துவிடும். கையில் எடுத்தால் சரசரக்கும். அதை நம்பி டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். பூவின் அடியில் இருக்கிற பச்சைக் காம்பும் மொட்டுகளும் அப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். பத்து நாளில் திறந்தால் புழுங்கல் வாடை, அப்புறம் பூசணம். பூசணம் கண்டதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கிற சிக்கனம் வேண்டாம், மொத்தத்தையும் கொட்டுங்கள். காம்பை ஒடித்தால் மடங்காமல் முறிய வேண்டும், அதுதான் பதம். நிழலில், காற்று வருகிற இடத்தில், துணிமேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். துளசி, எலுமிச்சைப்புல் எல்லாம் வெயிலில் போட்டால் வாசனை போய் வெறும் சருகாகிவிடும். மழை மாதத்தில் காயவைக்க முயலாமல் பச்சையாகவே பறித்து அன்றன்றைக்கு டீ போடுவது உத்தமம்.

எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில்

கஷாயம் காய்ச்சிப் பழகிய கை எதையும் பாதியாகச் சுண்டவைக்கும். நன்னாரி வேர், சுக்கு, பூளைச் செடி மாதிரியானவற்றுக்கு அது சரி. பூளைச் செடியை இலங்கையில் டீயாகவே காய்ச்சிக் குடிக்கிறார்கள், தண்டும் வேருமாகப் போட்டுக் கொதிக்க விடுவார்கள். துளசிக்கும் எலுமிச்சைப்புல்லுக்கும் சங்குப்பூவுக்கும் அது ஆகாது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு, தட்டால் மூடி ஐந்து நிமிஷம் வையுங்கள். சமையலறை முழுக்க துளசி மணக்கிறது என்று சந்தோஷப்படுகிறீர்களே, அந்த மணம் டம்ளரில் இருந்திருக்க வேண்டியது.

பழம் கடைசியில். எலுமிச்சையைத் தோலோடு கொதிக்க வைத்தால் கசக்கும், வடிகட்டி சூடு கொஞ்சம் இறங்கியபின் சாறு பிழியுங்கள். சங்குப்பூ டீயில் அப்போது நீலம் ஊதாவாக மாறும், பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. நெல்லிக்காயைத் துருவிப் போட்டு மூடி வைத்தாலே புளிப்பு இறங்கிவிடும். கொய்யாவும் அன்னாசியும் நறுக்கி, வடித்த டீயை மேலே ஊற்றினால் போதும். புளிப்புப் பழம் சேரும் டீயை அலுமினியப் பாத்திரத்திலோ வெள்ளீயம் பூசாத பித்தளையிலோ வைக்காதீர்கள், எவர்சில்வர் இருக்கிறது. பழம் போட்டதை அன்றைக்கே குடித்து முடியுங்கள், வெளியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் நுரைக்க ஆரம்பிக்கும்.

பால்

வேண்டாம்.

தூதுவளை முள்

இலைக்கு அடியிலும் முள் உண்டு. கிள்ளிவிட்டுப் போடுங்கள், வடிகட்டி காப்பாற்றும் என்று இருக்காதீர்கள்.

“இயற்கைதானே” என்று எல்லோருக்கும் ஊற்றிக்கொடுப்பது

நட்சத்திரப் பழம் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு விஷம். கொஞ்சம் தின்றே விக்கல் நிற்காமல், வலிப்பு வரைக்கும் போனவர்கள் உண்டு. அதன் உறவான பிலிம்பிக்காயைக் கொழுப்புக் குறையும் என்று சாறு பிழிந்து குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைக் கேரளத்து மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு முன்பு சிறுநீரகத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை. இந்த இரண்டையும் நான் டீயில் போடுவதே இல்லை. ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பி மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும், சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கினாலும் ஆபத்துதான். கர்ப்பிணிகளுக்கு நான் துளசி, எலுமிச்சை தவிர எதையும் கொடுப்பதில்லை, அதுவும் எப்போதாவது ஒரு டம்ளர்.

புது இலை எதுவானாலும் முதல் நாள் அரை டம்ளர், அதுவும் தனியாக. நாலைந்தைக் கலந்து குடித்துவிட்டு உடம்பில் தடிப்பு வந்தால் எது செய்த வேலை என்று கண்டுபிடிக்க முடியாது. அளவு கேட்கிறவர்களுக்கு: ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பச்சை இலை ஒரு சின்னக் கைப்பிடி, காய்ந்தது என்றால் ஒரு டீஸ்பூன்.