‘பாரோ’வா, ‘லெண்ட்’டா?
சீன மொழி பேசுவோர் ஆங்கிலம் கற்கும்போது ‘பாரோ’, ‘லெண்ட்’ ஆகிய சொற்களில் தடுமாறுவதற்குக் காரணம், மாண்டரினில் இரவல் வாங்குவதையும் கொடுப்பதையும் ‘ஜியே’ என்னும் ஒரே வினைச்சொல் குறிப்பதே ஆகும். பேனா கேட்கும் மாணவர், ‘கேன் யூ லெண்ட் மீ எ பென்’ என்பதற்குப் பதிலாக ‘பாரோ மீ’ என்று சொல்லிவிடுகிறார். இதற்கான தீர்வு அவருடைய தாய்மொழியிலேயே இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ‘ஜியே கெய் வோ’ (எனக்கு இரவல் கொடு) என்பதில் வருவதுபோல், ‘கொடு’ எனப் பொருள்படும் ‘கெய்’ அடுத்து வந்தால் ‘லெண்ட்’ என்றும், ‘கென் தா ஜியே’ (அவரிடமிருந்து இரவல் வாங்கு) என்பதுபோல் யாரிடமிருந்து என்பது முன்னே வந்தால் ‘பாரோ’ என்றும் கொள்ளலாம். கதவைத் திறப்பதற்கும் விளக்கைப் போடுவதற்கும் பொதுவான ‘காய்’ என்னும் சொல்லால் நேரும் ‘ஓப்பன் த லைட்’ என்ற பிழையும் இவ்வகையதே. விளக்குக்கு ‘டர்ன் ஆன்’ என்பதே சரி.